திருநெல்வேலியில் பேசப்பட்ட பூகம்பம்

1934 ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் காந்தி பேசினார். தீண்டாமைக்கு எதிராக அவர் நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்த ஹரிஜன யாத்திரை அப்போது தமிழ்நாட்டுக்குள் வந்திருந்தது. ஒன்பது நாள் முன்பு பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரிய பூகம்பம் உலுக்கிப் போட்டிருந்தது. அன்று காந்தி சொன்னது இதுதான்: தன்னைப் போன்ற ஒருவனால், இந்தப் பூகம்பம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று நம்பாமல் இருக்க முடியாது. எந்தப் பாவம் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. தீண்டாமைதான். பீகார் அழிவுக்கும் தீண்டாமை ஒழிப்பு இயக்கத்துக்கும் உயிரான தொடர்பு இருக்கிறது என்றார். அதே நாளில் தூத்துக்குடியிலும் இதே பேச்சு.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன். காந்தி எங்கள் சீமைக்கு வந்துபோனதைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பேச்சைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. காந்திக்கும் தாகூருக்கும் நடந்த விவாதத்தைப் பிற்பாடு படித்தபோதுதான் அது கிளம்பிய இடம் எங்கள் ஊர் என்று தெரிந்தது. கடவுளின் நீதி, மனிதத் துன்பம், விதி என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு இந்த விவாதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டு பெரிய மனிதர்கள், இருவரும் ஒரே பக்கம் நிற்பவர்கள், துன்பத்துக்கு என்ன அர்த்தம் என்பதில் மட்டும் பிரிந்து நின்றார்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 15, மதியம் இரண்டேகால் மணி வாக்கில் கிழக்கு நேபாளத்தை மையமாகக் கொண்டு, ரிக்டர் கணக்கில் எட்டு அளவுக்குப் பூமி அதிர்ந்தது. முங்கேரும் முசாபர்பூரும் தரைமட்டம். இரு நாட்டிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கு பீகாரில் இன்னொன்றும் நடந்தது. கங்கைச் சமவெளியின் ஈர மண் குலுங்கிய குலுங்கலில் கூழாகிப்போய், வீடுகள் இடியாமலே சாய்ந்தன, இறங்கின. நிலத்தைப் பிளந்துகொண்டு தண்ணீரும் மணலும் பீறிட்டு வந்து வயல்களை மூடின, கிணறுகளைத் தூர்த்தன. உயிர் பிழைத்தவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, விதைக்க நிலம் இல்லை. சிறைக் கைதியாக இருந்த ராஜேந்திர பிரசாத் இரண்டு நாளில் விடுதலையாகி வந்து நிவாரண வேலையைக் கையில் எடுத்தார். நேரு முங்கேருக்குப் போய் மண்வெட்டியோடு இடிபாடுகளைத் தோண்டினார்.

இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவுக்கு அடியில் முட்டிக்கொண்டிருக்கிறது, இமயமலை எழுந்ததும் இப்படித்தான், பூகம்பம் வருவதும் இதனால்தான் என்று இன்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. 1934இல் அது இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானி வெகனர் 1912இல் சொன்னதைப் புவியியலாளர்களில் பலர் அப்போதும் ஏற்கவில்லை. காந்தியை இன்று எளிதாகக் கிண்டல் செய்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஏன் நடந்தது என்ற கேள்விக்கு விஞ்ஞானத்திடம் கூட முழு பதில் இல்லாத நேரம் அது.

தாகூருக்கு அந்தப் பேச்சைப் படித்துப் பொறுக்கவில்லை. அவர் தீண்டாமைக்கு வக்காலத்து வாங்குகிறவர் இல்லை. 1932இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர். மறுப்பை எழுதி, காந்திக்கே அனுப்பிவைத்தார். காந்தி அதைத் தன் ‘ஹரிஜன்’ பத்திரிகையில், பிப்ரவரி 16 இதழில், முழுசாகப் போட்டு அதே இதழில் தன் பதிலையும் போட்டார். இன்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்ளும் அழகைப் பார்க்கிறவர்களுக்கு இதுவே அதிசயமாக இருக்கும்.

தாகூரின் வாதம் எளிமையானது. இயற்கை அழிவுகளுக்கு இயற்கைக் காரணங்கள்தான் உண்டு. நம்முடைய பாவமும் தப்பும் எவ்வளவு பெரிதானாலும், படைப்பின் கட்டுமானத்தையே இடித்துத் தள்ளுகிற வலு அவற்றுக்குக் கிடையாது. தார்மீகத்தைப் பூகம்பத்தோடு முடிச்சுப் போட ஆரம்பித்தால் கடவுள் மனிதனைவிட மோசமான நீதிபதியாகிவிடுவார். அவர் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: காந்தியின் இந்த வாதம் காந்திக்கு உதவுவதைவிட அவருடைய எதிரிகளின் மனப்போக்குக்குத்தான் பொருத்தம்.

அப்படியேதான் நடந்தது. தாழ்த்தப்பட்டவர்களைக் கோயிலுக்குள் விடச் சொல்லி காந்தி ஊர் ஊராகக் கிளம்பியதால்தான் தெய்வம் கோபித்துக்கொண்டு பூமியை ஆட்டியது என்றார்கள் சனாதனிகள். ஒரே பூகம்பம், ஒரே கடவுள், நேரெதிரான இரண்டு தீர்ப்பு. எது சரி என்று எந்த நீதிமன்றத்தில் கேட்பது? நேருவும் பிற்பாடு தன் சுயசரிதையில் இதைத்தான் கேட்டார். எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பரிகாரம் செய்யவேண்டிய பாவம் நம்மிடம் நிறையவே இருக்கிறதே என்று.

நம் காலத்திலும் இதைப் பார்த்தாயிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் போனார்கள். பிணங்களை எடுத்து முடிப்பதற்குள், முந்தின மாதம் ஒரு மடாதிபதியைக் கைது செய்ததால்தான் கடல் பொங்கியது என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். நானே காதால் கேட்டேன், படித்தவர் வாயிலிருந்து. கைது செய்தவர்கள் சென்னையில் பத்திரமாக இருக்க, அக்கரைப்பேட்டை மீனவர் வீட்டுப் பிள்ளையைக் கடவுள் ஏன் தேடிப் பிடித்தார் என்று கேட்கத் தோன்றியது. கேட்டிருந்தாலும் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

காந்தியின் பேச்சிலும் எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். மேல்சாதிக்காரர்கள் தாழ்த்தப்பட்டவர்களுக்குச் செய்த கொடுமைக்கு அது தண்டனை என்றால், பீகாரில் இடிபாட்டில் செத்த தாழ்த்தப்பட்டவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? அடித்தவனைத் தண்டிக்க, அடிவாங்கியவனையும் சேர்த்துக் கொல்கிற நீதியை ஊர்ப் பஞ்சாயத்தில்கூட யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் காந்தியின் பதிலை முழுசாகப் படித்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதில்லை. கடவுளின் சட்டங்கள் எல்லாம் நமக்குத் தெரியாது என்கிறார். பூகம்பம் கடவுளின் கிறுக்குத்தனமும் இல்லை, குருட்டு சக்திகள் மோதிக்கொண்டதும் இல்லை என்கிறார். பொருளுக்கும் ஆன்மாவுக்கும் நடந்திருப்பது பிரிக்கமுடியாத கல்யாணம் என்கிறார். இதை நிரூபிக்கத் தன்னால் முடியாது என்றும் சொல்கிறார். எதிராளியை அடிப்பதற்கு இந்த நம்பிக்கையைப் பயன்படுத்தினால் அது இழிவாகிவிடும், தன்னைத் திருத்திக்கொள்ள மட்டுமே அது உதவவேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அவர் ‘நம் பாவம்’ என்றுதான் பேசினார். ‘அவர்கள் பாவம்’ என்று விரல் நீட்டவில்லை.

இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருவன் தனக்கு வந்த துன்பத்தைப் பார்த்து, நான் எங்கே தவறினேன் என்று கேட்டுக்கொள்வது ஒன்று. அடுத்தவனுக்கு வந்த துன்பத்தைப் பார்த்து, இவன் எங்கேயோ தவறியிருக்கிறான் என்று முடிவு கட்டுவது வேறொன்று. காந்தி முதலாவதைச் செய்ய நினைத்தார். மேடையில் நின்று சொன்னபோது அது இரண்டாவதாகவும் ஆகிப்போனது. எட்டாத தூரத்தில் பீகார்க்காரன் செத்துக் கிடக்கிறான், தாமிரபரணிக் கரையில் நிற்கிற கூட்டத்துக்கு அவன் சாவு ஒரு பாடமாகிறது. அந்தப் பாடத்துக்காகச் செத்தவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நம் ஊரில் இந்தச் சிக்கலுக்கு ஒரு குறளே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தது:

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.

பல்லக்கைத் தூக்குகிறவன் ஒருவன், உட்கார்ந்து போகிறவன் ஒருவன். பரிமேலழகர் சொல்லும் பொருள், அறத்தின் பயன் என்ன என்று நூலை எடுத்து விளக்கவே வேண்டாம், இந்த இரண்டு பேரையும் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது. அதாவது சுமக்கிறவன் முன்பு அறம் செய்யாதவன், சவாரி செய்கிறவன் செய்தவன். அவருக்கு முன்பு எழுதிய மணக்குடவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். இந்தக் காலத்து உரைகளில் சில இதை அப்படியே திருப்பிப் போடுகின்றன. இவர்கள் இருவரையும் காட்டி, அறத்தின் வழி இதுதான் என்று சொல்லிவிடாதே என்று வள்ளுவர் தடுக்கிறார் என்பது இவர்கள் வாதம்.

எனக்கு இரண்டாவது உரைதான் பிடிக்கும். ஆனால் பிடிப்பதால் அது சரியாகிவிடாது. முன்னும் பின்னும் உள்ள குறள்கள் எல்லாம் அறத்தின் பலனைச் சொல்லி ஆசை காட்டுகிறவை. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் பழைய உரைகாரர்கள் பக்கம்தான் தராசு சாய்கிறது என்று நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்புறம் அதே வள்ளுவர்தான், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று 1062ஆம் குறளில் சாபம் விடுகிறார். பிச்சைக்காரன் போன பிறவியில் என்ன செய்தான் என்ற ஆராய்ச்சியே அங்கே இல்லை. நேராகப் படைத்தவன் சட்டையைப் பிடிக்கிறார். அந்த வள்ளுவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பல்லக்கு என்பது ஏதோ பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப்பிரவேசத்துக்கு, அதாவது மடத்தின் தலைவரைப் பல்லக்கில் தூக்கிப்போகிற ஊர்வலத்துக்கு, அதிகாரிகள் தடை போட்டு, பெரிய சர்ச்சையாகி, கடைசியில் தடையை விலக்கி, மே மாதம் பல்லக்கு வீதிக்கு வந்தது. தூக்குகிறவர்கள் தாங்களாக விரும்பித்தான் தூக்குகிறோம் என்றார்கள். விரும்பித் தூக்குவதற்கும் வேறு வழியில்லாமல் தூக்குவதற்கும் இடையில் எத்தனை தலைமுறைப் பழக்கம் கிடக்கிறது என்று கேட்டால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் போனது என்றால், என் பெரியம்மை, அதாவது அம்மாவின் அக்கா, மகன் காரணம். எனக்கு அண்ணன் முறை. எழுபதுகளின் தொடக்கத்தில், நடக்கப் பழகியிருந்த வயதில், அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது வலது கால் துவண்டுவிட்டது. இளம்பிள்ளை வாதம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்களாம்: “எந்தச் சென்மத்துல யாரு பண்ணின பாவமோ, பச்சப்புள்ள தலையில வந்து விடிஞ்சிருக்கு.” ஆறுதல் சொல்வதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். பெரியம்மை அந்த வீடுகளுக்கு அதற்கப்புறம் போகவே இல்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால் பெரியம்மையே ராத்திரி தனியாக உட்கார்ந்து “எல்லாம் என் தலையெழுத்து” என்றுதான் புலம்புவாள். அதைச் சொல்லிவிட்டு விடியற்காலையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவாள். காலைத் தாங்கும் காலிப்பர் மாட்டி அவனை நடக்க வைத்தது அவளுடைய அந்தப் பஸ் பயணங்கள்தான்.

அந்தக் காய்ச்சலின் கதையைப் பெரியவனான பிறகு தேடிப் படித்தேன். அது ஒரு வைரஸ். சாக்கடை கலந்த தண்ணீர் வழியாக, கழுவாத கை வழியாக வாய்க்குள் போவது. அமெரிக்காவில் 1955இலேயே அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. வாயில் விடுகிற சொட்டு மருந்து அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. என் அண்ணனுக்குக் காய்ச்சல் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே மருந்து உலகத்தில் இருந்தது, எங்கள் ஊருக்கு மட்டும் வந்து சேரவில்லை. எல்லாக் குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1985இல் தொடங்கியது. 1995 முதல் நாடு முழுக்கச் சொட்டு மருந்து முகாம். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசிச் சம்பவம். 2014இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

சரி, இப்போது அந்தச் சென்மக் கணக்கை எடுத்துப் பார்ப்போம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்த நாட்டில் பிறந்த கோடிக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுகூட இயற்கையாகப் பரவும் அந்தப் போலியோவால் கால் விளங்காமல் போகிற அளவுக்கு முற்பிறவியில் பாவம் பண்ணவில்லையா? அல்லது அத்தனை வினையையும் இரண்டு சொட்டு மருந்து கரைத்துவிட்டதா? கர்மாவை நம்புகிற ஒரு நண்பரிடம் இதைக் கேட்டேன். மருந்து கிடைப்பதும் அவரவர் கர்மாதான் என்றார். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற நாணயத்தோடு பந்தயம் கட்டமுடியாது என்று அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு, விதி என்கிற எண்ணமே எனக்கு ஆகாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்கிற கொள்கையும், படுகிறவன் பட்டே தீரவேண்டிய தகுதி உள்ளவன்தான் என்கிற கொள்கையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தமிழில் அவை தனித்தனியாகவும் இருந்திருக்கின்றன.

கணியன் பூங்குன்றனார் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘யாதும் ஊரே’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதல் வரியோடு இறங்கிவிடுவார்கள். உள்ளே போனால் அது ஊழைப் பற்றிய பாட்டு. மழை பெய்து, பாறையில் மோதி இரைகிற ஆற்றில் நீர் போகிற போக்கில் மிதந்து போகும் தெப்பம்போல, அருமையான உயிரும் முறை போகிற வழியில் போகும் என்கிறார். இதற்கு மேல் விதிவாதம் என்ன இருக்கிறது? ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேருகிற இடத்தைப் பாருங்கள்: பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. எல்லாம் ஆற்றின் போக்கு என்றால் மேலே மிதக்கிறவனை வியக்க என்ன இருக்கிறது, கரையில் ஒதுங்கியவனை இகழ என்ன இருக்கிறது? பல்லக்கில் இருக்கிறவனையும் சுமக்கிறவனையும் பரிமேலழகர் பார்த்த பார்வைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அதே பாட்டில்தான் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்ற வரியும் இருக்கிறது, அது வினைக்கொள்கை மாதிரித்தான் ஒலிக்கிறது என்று யாராவது மடக்கலாம். மடக்கட்டும். அப்படியே வைத்துக்கொண்டாலும் அவர் யாரையும் இகழவில்லை.

இன்னும் ஒரு படி தீவிரமாகப் போனவர்கள் ஆசீவகர்கள். புத்தர், மகாவீரர் காலத்து மற்கலி கோசாலரின் வழி வந்தவர்கள். வடக்கில் மங்கிப்போன பிறகும் தமிழ்நாட்டில் வெகு காலம் இருந்தார்கள். மணிமேகலையில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிற இடத்தில் ஓர் ஆசீவகரும் வருகிறார், நீலகேசியிலும் ஆசீவக வாதம் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் எதிரிகள் எழுதி வைத்ததுதான் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். நியதிப்படி எல்லாம் நடக்கும், மனித முயற்சியால் ஆவது எதுவும் இல்லை, நூலுருண்டையைத் தூக்கிப் போட்டால் நூல் தீருகிற வரை உருண்டு நிற்பதுபோல ஒவ்வொரு உயிரும் தன் பிறவிகளை ஓடி முடிக்கும் என்பது அவர்கள் கொள்கையாகச் சொல்லப்படுகிறது.

கேட்க இரக்கமற்ற கொள்கையாகத் தெரியும். சமணரும் பௌத்தரும் அப்படித்தான் திட்டினார்கள். முயற்சிக்கு இடமில்லை என்றால் ஒழுக்கத்துக்கு இடம் ஏது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். இருந்தாலும் என் பெரியம்மை வீட்டுத் திண்ணையில் ஓர் ஆசீவகர் வந்து உட்கார்ந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘உன் பிள்ளையும் பாவம் பண்ணவில்லை, நீயும் பண்ணவில்லை, நூல் இப்படி உருண்டது’ என்று சொல்லியிருப்பார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்த கர்மவாதிகளைவிட அவர் அவளுக்கு எவ்வளவோ நல்ல விருந்தாளி.

திருக்குறளுக்கே திரும்பினால் அங்கே சண்டை ஒரே புத்தகத்துக்குள் நடக்கிறது. ஊழ் அதிகாரத்தின் முதல் குறள், ஒருவனுக்குச் சோர்வில்லாத முயற்சி வருவதே ஆக்குகிற விதியான ஆகூழால், சோம்பல் வருவதே அழிக்கிற விதியான போகூழால் என்கிறது. முயற்சியே விதியின் கையில் என்றால் விதியை எதிர்க்கவும் விதிதான் அனுமதிக்கவேண்டும். கடைசிக் குறள், ஊழைவிட வலியது எது, தப்பிக்க வேறு வழி தேடினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்று முத்திரை வைத்துவிடுகிறது. பொருட்பாலுக்கு வந்தால் ஆள்வினையுடைமையின் கடைசிக் குறள், தளராமல் முயல்கிறவர்கள் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறது. இரண்டையும் சமாதானப்படுத்த உரைகாரர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

சமாதானம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். பெரியம்மை ராத்திரி சொன்னது ஊழ் அதிகாரம், விடியற்காலை பஸ் ஏறியது ஆள்வினையுடைமை. இரண்டும் ஒரே பொம்பளைக்குள் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருந்தன, ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளவில்லை. முடிந்துபோனதைத் தாங்கிக்கொள்ள ஒரு மொழி வேண்டியிருந்தது, முடியாததைச் செய்யப் போவதற்கு வேறு மொழி. இதை வைத்துத் தத்துவப் பரீட்சையில் மார்க் வாங்க முடியாது. மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா இல்லையா என்ற கேள்வி இதனால் தீரவும் தீராது.

ஆனால் சுதந்திரம் உண்டு என்று நாம் கட்டாயம் சொல்லியாக வேண்டிய இடங்கள் சில உண்டு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலையில், கோயில்களில் ஜனங்கள் நிரம்பியிருந்த நேரத்தில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் நொறுங்கியது. இந்த உலகம் இருப்பதிலேயே நல்ல உலகம் என்கிற தத்துவத்தைக் கேலி செய்து வால்டேர் கவிதை எழுதினார். அதற்கு மறு வருஷம் ரூசோ எழுதிய கடிதத்தில் ஒரு வாதம் வருகிறது: ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள் இருபதாயிரத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே. எனக்குத் தெரிந்து இந்தப் பேச்சு முழுக்கவே அதோடு வேறு பாதைக்குத் திரும்புகிறது. கடவுள் ஏன் செய்தார் என்பதற்குப் பதிலாக, வீட்டை யார் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று கேட்க ஆரம்பிக்கிறோம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். சமையல் கூடத்துத் தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அன்று டிவியைப் பார்த்துக்கொண்டு எங்கள் தெருவில் எத்தனை பேர் விதி, விதி என்றார்கள்! பெற்றவள் சொன்னால் அது வேறு. அவளுக்கு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாவது அன்றைய ராத்திரியைக் கழிக்கவேண்டும். கீற்றுக் கொட்டகையில் பிள்ளைகளை அடைத்து வைத்தவனும், அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவனும் விதி என்று சொன்னால்? ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று இளங்கோ எழுதியது கோவலன் கொலைக்கு. ஆனால் அந்தக் காப்பியத்திலேயே கண்ணகி விதியே என்று வீட்டுக்குள் உட்காரவில்லை. சிலம்பை எடுத்துக்கொண்டு அரசன் முன்னால் போய் நின்றாள். வினையும் இருக்கட்டும், விசாரிக்காமல் கொன்றவன் நீதானே என்று கேட்டாள்.

என் அண்ணன் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். திருச்செந்தூர் முருகன் மேல் அப்படியொரு பக்தி, விசாகம் தவறாது. இந்தக் கட்டுரையில் பாதியை அவனிடம் வாசித்துக் காட்டினேன். போலியோ கணக்கைக் கேட்டுச் சிரித்தான். “விதி இருக்குலே. நீ என்ன எழுதினாலும் இருக்கு” என்றான். அப்படியென்றால் அம்மை அந்த வீடுகளுக்குப் போகாமல் இருந்தது தப்பா என்று கேட்டேன். “அதெப்படித் தப்பாவும்? என் விதிய நான் பாத்துக்கிடுதேன், என் முருகன் பாத்துக்கிடுதான். அவளுவ எதுக்கு அதுக்குக் கணக்கு எழுதுதாளுவ?” காந்தியும் தாகூரும் பக்கம் பக்கமாக எழுதியதில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஏதோ ஒன்று அவன் இதைச் சொன்னபோது பிடிபட்டது.

பைபிளில் யோபுவின் கதையும் இப்படித்தான் போகும். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளைகள், ஆடுமாடு, உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் கடவுள் இப்படிச் செய்ய மாட்டார் என்று விடாமல் வாதாடுகிறார்கள். கடவுளின் நீதிக்கு வக்கீலாக வந்தவர்கள் அவர்கள். யோபு ஒப்புக்கொள்ளவே இல்லை, கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். முடிவில் கடவுள் கோபப்படுவது யார் மேல் தெரியுமா? தனக்காக வாதாடிய அந்த நண்பர்கள் மேல். யோபு ஏன் துன்பப்பட்டான் என்பதற்குக் கடவுள் கடைசி வரை அவனுக்கு விளக்கம் சொல்வதில்லை.

காந்தியின் கதை 1934 ஜனவரியோடு நிற்கவில்லை. மார்ச்சில் அவர் பீகாருக்குப் போனார். அங்கே நிவாரணக் குழுக் கூட்டத்தில், எந்த அரசோடு ஒத்துழைக்க மறுத்து இயக்கம் நடத்தினாரோ அதே அரசோடு நிவாரண வேலையில் ஒத்துழைக்கலாம் என்ற தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். ஏப்ரலில், பூகம்பம் தாக்கிய அதே மாகாணத்தில், தேவ்கர் பக்கம் சனாதனிகள் அவர் காரைத் தடிகளால் தாக்கினார்கள். ஜூனில் புனேயில் அவர் வருவதாக இருந்த வழியில் குண்டு வீசினார்கள். பூகம்பத்தைக் கண்டு மனம் மாறிய சனாதனி ஒருவனைப் பற்றியும் நான் படித்ததில்லை. மதுரை மீனாட்சி கோயில் 1939இல் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறந்தது பூமி அதிர்ந்ததால் இல்லை, வைத்தியநாத ஐயரும் அவரோடு உள்ளே நுழைந்தவர்களும் காலெடுத்து வைத்ததால்.

புறநானூற்றில், கணியனுக்கு இரண்டு பாட்டு தள்ளி, பக்குடுக்கை நன்கணியாருடைய பாட்டு இருக்கிறது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு அதிர்கிறது. கூடியவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்’ என்கிறார். இப்படிப் படைத்தவன் பண்பு கெட்டவன்தான், சந்தேகமே இல்லை. அழுகிற வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார், சிரிக்கிற வீட்டுக்காரர் என்ன புண்ணியம் செய்தார் என்று அவர் எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் இவ்வுலகம் இன்னாதது, இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்று முடிக்கிறார். அந்த முடிவு எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் படும். அவ்வளவு ஆங்காரமாகத் திட்டிவிட்டு இனியதைக் காண் என்றால் எப்படி?

இதையும் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் வைத்துக்கொண்டே கேட்டான்.

“அந்த ரெண்டு வீட்டுலயும் கொட்டு அடிச்சது யாருன்னு பாட்டுல இருக்காலே?”

இல்லை என்றேன்.